கம்பி வண்டிக்கு ஒரு கோடு தண்ணீர்

பச்சைக்காரர் யாரையும் முதல்முறை பார்க்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டார். தோளில் தொடங்கி இடுப்பு வழியாக முழங்கால் வரைக்கும் ஒருமுறை கண்ணை இறக்குவார். அதற்கப்புறம்தான் "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்பார். வெளியூர்க்காரர்களுக்கு இது என்னமோ போல இருக்கும். உள்ளூர்க்காரர்கள் சட்டை செய்வதில்லை. மனிதர் எடை போடுகிறார், அவ்வளவுதான். வேலையிலிருந்து ஓய்வுபெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்தக் கண்ணுக்கு மட்டும் ஓய்வு கொடுக்க அவரால் முடியவில்லை.

பச்சை என்பது அவர் ஓட்டிய வண்டியின் நிறம். மலைமேல் ஒரு ஊர், அடிவாரத்தில் ஒரு ஊர், நடுவில் நிமிர்ந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும் சரிவு. அந்தச் சரிவில் இரண்டு பெட்டிகள், ஒன்று பச்சை, இன்னொன்று சிவப்பு. நிலையத்துப் பலகையில் 'மலை இழுவை ரயில்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. யாரும் அப்படிச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது கம்பி வண்டிதான்.

முதலில் அது மனிதர்களுக்காகப் போட்டதே இல்லை. மேலே ஒரு கல்குவாரி இருந்தது. கல்லை இறக்கத்தான் தண்டவாளம் போட்டார்கள். கல் இறங்குகிற பாரத்தில், வடத்தின் மறுமுனையில் கட்டிய காலிப் பெட்டி தானாக மேலே ஏறியது. படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பார்த்துவிட்டு, கல் இறங்கினால் பெட்டி ஏறுமென்றால், தண்ணீர் இறங்கினால் மனுஷன் ஏறமாட்டானா என்று கேட்டிருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. குவாரி சில வருடங்களில் தீர்ந்துபோனது. அவர் கேட்ட கேள்விதான் இன்றைக்கும் ஊரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் ஓடைத் தண்ணீரைப் பிடிப்பார்கள். பாரம் கூடியதும் அது இறங்கும், கீழே இருப்பது ஏறும். கீழே வந்து சேர்ந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு ஆட்களை ஏற்றுவார்கள். கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், மழை பெய்தால் போதும்.

ஆனால் எவ்வளவு தண்ணீர் பிடிப்பது? அங்கேதான் சூட்சுமம். கூடிப்போனால் பிரேக்கைப் பிடித்துப் பிடித்தே ஓட்டுநரின் கை வீங்கிவிடும். குறைந்துபோனால் வண்டி பாதி வழியில் மக்கர் செய்யும். அதனால் கீழே இருக்கும் ஓட்டுநர் ஆளுக்கு ஒருமுறை மணிக்கயிற்றை இழுப்பார். மணி மேல்நிலையத்தில் அடிக்கும். மேலே இருப்பவர் அதை எண்ணி, தன் பெட்டியில் இறங்கப்போகிறவர்களைக் கழித்துக்கொண்டு, மீதிக்குத் தண்ணீர் பிடிப்பார். தொட்டியின் பக்கவாட்டில் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. மணி ஒருமுறை அடித்தால் ஒரு கோடு தண்ணீர். ஓட்டுநர்களுக்கு மட்டும் மணி கிடையாது. பக்கத்துக்கு ஒருவர் இருப்பதால் அது சரிக்குச் சரியாகப் போய்விடும்.

குழந்தைகள் என்றால் இருவருக்குச் சேர்த்து ஒருமுறை. கொஞ்சம் தாராளமான உடம்பு என்றால் ஒருவருக்கே இரண்டுமுறை. ரொட்டிக்கடைக்காரருக்கு எப்போதும் இரண்டு. அவர் அதை ஒரு கௌரவமாகவே வைத்திருந்தார், இரண்டாவது தரம் மணி அடிக்கும்வரை உட்காரமாட்டார். ஆனால் எல்லோருமா ரொட்டிக்கடைக்காரர்? அதற்காக ஓட்டுநர்கள் ஒரு நாகரிகம் வைத்திருந்தார்கள். தாராளமானவர்கள் கையில் ஒரு கூடை இருந்தால் போதும், இரண்டாவது மணியை அடித்துவிட்டு "இது கூடைக்கு" என்பார்கள். கூடைக்குள் ஒரு கட்டுக் கீரைதான் கிடக்கும். கீரைக்கு ஒரு ஆள் எடையா என்று யாரும் கேட்டதில்லை.

பச்சைக்காரர் மீசை சரியாக முளைக்காத வயதில் இந்த வேலைக்கு வந்தார். சிவப்பு வண்டியில் அப்போதே ஒருவர் இருந்தார், ஒல்லியான, வாய் ஓயாத மனிதர். ஒரே வடத்தில் கட்டிய இருவரும் நாள் முழுக்கச் சேர்ந்து வேலை செய்தாலும் சேர்ந்து ஒரு டீ குடிக்க முடியாது. இவர் மேலே இருந்தால் அவர் கீழே. சரிவின் பாதியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். அந்த மாறுமிடத்தில் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவரை ஒருவர் கடப்பார்கள். நாலு வார்த்தை பேசலாம், அதற்குமேல் வண்டி விடாது.

அப்படித் துண்டு துண்டாகப் பேசியே சிவப்புக்காரர் தன் மச்சினியை இவருக்குக் கட்டிவைத்தார். காலை நடையில் "என் பொண்டாட்டிக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்றார். அடுத்த நடையில் "தங்கமான குணம்" என்றார். அதற்கும் அடுத்த நடையில் "நல்லாத் தைப்பா" என்றார். பச்சைக்காரர் சாயங்காலம்வரை யோசித்துவிட்டு, கடந்துபோகும்போது "சரிண்ணே" என்றார். பெண்ணை நேரில் பார்த்தபோது அவர் மனதில் முதலில் ஓடியது 'ஒரு கோட்டுக்குக் கொஞ்சம் கம்மி' என்பதுதான். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. அன்று முதல் 'அண்ணே' போய் 'சகல' வந்தது.

பெரியவள் மேலே, சின்னவள் கீழே என்று அக்காவும் தங்கையும் குடித்தனம் நடத்தினார்கள். பிரிந்திருக்கிறார்கள் என்று சொல்லவே முடியாது. தினமும் ஒரு தூக்கு மாறுமிடத்தில் கைமாறும். கீழேயிருந்து மீன் போகும், மேலேயிருந்து தோட்டத்து அவரைக்காய் வரும். தைக்க வேண்டிய துணி வரும், தைத்தது போகும். யார் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதும் அதே வழியில் போய் வரும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பெரியவளே இறங்கி வந்து தங்கை வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் தெருமுனைவரை கேட்கும். வேலை முடிந்து வரும் பச்சைக்காரருக்கு அந்தச் சத்தம் கேட்டாலே பாதிக் களைப்பு போய்விடும்.

இவ்வளவையும் அவர் ஒரே மத்தியானத்தில் கெடுத்துக்கொண்டார்.

பெரியவள் அன்றைக்கு வீடு திரும்பும் அவசரத்தில் வெறுங்கையோடு கீழ்நிலையத்துக்கு வந்து பச்சை வண்டியில் ஏறினாள். வண்டியில் வேறு ஒருவரும் இல்லை. பச்சைக்காரர் வழக்கம்போல மணிக்கயிற்றை இழுத்தார். ஒருமுறை. இன்னொருமுறை.

பெரியவள் திரும்பிப் பின் இருக்கையைப் பார்த்தாள். "யாருக்குக் காத்திருக்கோம்? இன்னொருத்தர் வரணுமா?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். என் சாப்பாட்டுத் தூக்குக்கு அடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய் முந்திக்கொண்டது.

"இல்லையே, ரெண்டும் உங்களுக்குத்தான் அண்ணி."

அத்தோடாவது விட்டதா? மாறுமிடத்தில் சிவப்பு வண்டி எதிரே வந்தது. சிவப்புக்காரர் தலையை நீட்டி, "என்ன சகல, ரெண்டு தடவ அடிச்சியே, இன்னொரு ஆளு எங்க?" என்றார். அப்போதுதான் உள்ளே உட்கார்ந்திருந்த தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். தலை ஆமை மாதிரி உள்ளே போய்விட்டது. மேல்நிலையத்தில் அடுத்த நடைக்குக் காத்திருந்தவர்களும் மணியை எண்ணியவர்கள்தானே. கதவு திறந்ததும் ஒருத்தி இறங்கினாள். அடுத்தவருக்காக எல்லோரும் மரியாதையாக வழிவிட்டு நின்றார்கள்.

பெரியவள் வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்தாள். யோசிக்க யோசிக்கத்தான் அந்தக் கூடை விஷயம் முழுசாகப் புரிந்தது. இத்தனை வருடமாகக் கூடைக்கு என்று அடித்ததெல்லாம் யாருக்கு? இனி பச்சை வண்டியில் காலெடுத்து வைப்பதில்லை, அந்த மனிதர் வீட்டுப் படியையும் மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். கீழே வர வேண்டியிருந்தால் சிவப்பு வண்டிக்காகக் காத்திருப்பாள். பச்சை வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதில் ஏறும்போதும் கையில் கூடை இருக்காது. "கூடையக் காட்டி ஊர ஏமாத்தினது போதும்" என்பாள்.

சின்னவள் யார் பக்கம் என்று கேட்க வேண்டுமா? "அக்கா என்னிக்கு இந்த வீட்டுக்கு வர்றாளோ, அன்னிக்கு உங்ககிட்டப் பேசறேன்" என்று சொன்னாள். அதுதான் அவள் அவரைப் பார்த்துச் சொன்ன கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு எல்லாம் சுவரோடுதான். "சாப்பாடு எடுத்து வெச்சாச்சு" என்று சுவரிடம் சொல்வாள். "வெந்நீர் ஆறுது" என்று சுவரிடம் சொல்வாள். பச்சைக்காரரும் சுவருக்கு "சரி" சொல்லிவிட்டுச் சாப்பிடுவார். ருசியில் ஒரு குறையும் வைக்கமாட்டாள், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நாலு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி, மாறுமிடத்தில் தூக்கை நீட்டினார். அடுத்த நடையில் அது அப்படியே திரும்பி வந்தது.

"மூடியத் திறந்துகூடப் பாக்கல சகல" என்றார் சிவப்புக்காரர். "என்னையும் மணி அடிச்ச கூட்டத்துல சேத்துட்டா."

இந்த நேரத்தில்தான் நகராட்சி மோட்டார் வாங்கியது. கோடையில் ஓடை வற்றி வண்டி நின்றுபோகிறது என்று மேலூர்க்காரர்கள் எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இனி தொட்டி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மணியை எண்ண வேண்டாம். கேட்டதும் பச்சைக்காரருக்கு உயிர் வந்தது. யாருடைய எடையையும் கேட்காத வண்டி! இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? ஆனால் கூடவே ஒரு சேதியும் வந்தது. மோட்டாரை மாட்டி முடிக்க மழைக்காலம் முழுக்க ஆகும், அதுவரை வண்டி ஓடாது. பெரியவளின் முழங்கால் படிக்கட்டுக்கு லாயக்கில்லை. வண்டி நின்றால் அக்கா மேலே, தங்கை கீழே, அவ்வளவுதான். ஓடுகிறபோதே தங்கை வீட்டுப் படி ஏறாதவள், வருடத்தில் பாதி பார்க்காமல் இருந்துவிட்டு எங்கே ஏறப்போகிறாள்? கடைசி நடைக்கு முன்னால் எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்தார். எப்படி என்றுதான் தெரியவில்லை.

கடைசி நாள் அன்று எல்லோரும் ஒருமுறையாவது ஏறிவிட வேண்டும் என்று வந்தார்கள். வெயில் சாய்ந்த நேரத்தில் கடைசி நடைக்குப் பச்சை கீழே நின்றது, சிவப்பு மேலே. பள்ளிக்கூடத்து டீச்சர் ஏறினார், இரண்டு நர்சுகள் ஏறினார்கள், ஒரு புது ஜோடி ஏறியது, ரொட்டிக்கடைக்காரர் வந்தார். கதவைச் சாத்தப்போகும்போது மூச்சு வாங்க ஓடி வந்தது பெரியவள்.

கண் டாக்டரிடம் காட்ட வந்திருக்கிறாள். அங்கே கூட்டம். சிவப்பு வண்டி போய்விட்டது. இனி ஒன்று பச்சை, இல்லாவிட்டால் படிக்கட்டு. படிக்கட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு வெறும் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, மணிக்கயிற்றையே பார்த்தாள்.

பச்சைக்காரர் கயிற்றைப் பிடித்தார். டீச்சருக்கு ஒருமுறை இழுத்தார். நர்சுகளுக்கு, புது ஜோடிக்கு, ஆளுக்கு ஒருமுறை. அடுத்து ரொட்டிக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இரண்டு அடித்துவிட்டு அண்ணிக்கு ஒன்று அடித்தால், அது வேண்டுமென்றே செய்ததுபோல இருக்காதா? அவருக்கும் ஒன்றே அடித்தார். ரொட்டிக்கடைக்காரர் இன்னொன்றுக்காகக் காத்து நின்றார். வரவில்லை. முகம் விழுந்துபோய் உட்கார்ந்தார்.

கடைசியாக அண்ணி. பச்சைக்காரர் கயிற்றை ஒருமுறை இழுத்தார். இன்னொருமுறை இழுக்கக் கை தானாக உயர்ந்தது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து இறக்கினார்.

வண்டி கிளம்பியது. அடிவாரத்தில் சரிவு அவ்வளவு மோசமில்லை, பிழைத்துக்கொள்ளும்போலத்தான் இருந்தது. போகப்போக வேகம் குறைந்தது. மாறுமிடத்துக்கு வந்தபோது ஆடிக்கொண்டு வந்த சிவப்பும், திணறிக்கொண்டு ஏறிய பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் போய் நின்றேவிட்டன. இரண்டு ஓட்டுநர்களும் பிரேக்கைப் போட்டார்கள். சிவப்பு வண்டியில் சன்னலோரம் மடியில் தூக்கோடு சின்னவள் உட்கார்ந்திருந்தாள். கடைசி நாளாயிற்றே, அக்கா காலில் விழுந்தாவது சமாதானம் செய்யலாம் என்று மீன் செய்து எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கூட்டத்தோடு கூட்டமாக மேலே போயிருக்கிறாள். வீடு பூட்டியிருந்தது. இப்போது ஒரு கை தூரத்தில் அக்கா.

"எத்தன தடவ சகல அடிச்ச?" என்றார் சிவப்புக்காரர்.

"ஏழு."

"நான் ஏழுக்குத்தானே தண்ணி பிடிச்சேன். ஏன் நிக்குது?" என்று பச்சை வண்டிக்குள் ஆட்களை எண்ணிக்கொண்டே வந்தவரின் கண் ரொட்டிக்கடைக்காரரிடம் வந்து நின்றது. "ஏழு பேருக்கு ஏழா? இவரும் இருக்காரே!"

"அதத்தான் நானும் கேக்கறேன்!" என்று வெடித்தார் ரொட்டிக்கடைக்காரர். "வண்டி வந்த நாளா எனக்கு ரெண்டு. கடைசி நாளு பாத்து ஒண்ணாக்கிட்டாரு. நான் என்னங்க தப்பு பண்ணினேன்?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எதைப் பார்க்கக் கூடாதோ அதைப் பார்க்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தார்கள். பெரியவள்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு எத்தன அடிச்சீங்க தம்பி?"

நாலு மாதத்துக்குப் பிறகு தம்பி என்கிறாள். "ஒண்ணுதான் அண்ணி."

"அடிக்க வேண்டியது எத்தன?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார். "வண்டி நின்னாலும் பரவால்ல, உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அண்ணி... அன்னிக்கும் நான் கிண்டலா அடிக்கல. சத்தியமா. கை அதுபாட்டுக்கு எண்ணிடுது."

பெரியவள் அவரையே பார்த்தாள். நின்றுபோன வண்டியைப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே கீழே தொங்கும் சரிவைப் பார்த்தாள். முதலில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எல்லோரும் பயந்துபோனார்கள். பிறகு அந்தச் சிரிப்பு வந்தது, தெருமுனைவரை கேட்குமே, அதே சிரிப்பு. வண்டியே அதிர்ந்தது.

"அன்னிக்கு உண்மைய அடிச்சீங்க, நான் பேச மாட்டேன்னுட்டேன். இன்னிக்குப் பொய்ய அடிச்சீங்க, வண்டி போக மாட்டேன்னுடுச்சு. சரி, இப்ப என்ன செய்யணும்?"

"இந்த வண்டியிலேருந்து ஒருத்தர் அந்த வண்டிக்கு மாறணும் அண்ணி. இங்க குறையும், அங்க கூடும். சரியாப் போயிடும். ஆனா... கொஞ்சம் தாராளமான ஆளா இருந்தாத்தான்."

எல்லோரும் ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கம்பியைக் கட்டிப்பிடித்தார். உயரம் என்றால் அவருக்கு ஆகாது. ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டுதான் போய் வந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

"நகருங்க, நான் போறேன்" என்று எழுந்தாள் பெரியவள்.

இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறவர் நிற்க ஒரு சிமெண்டு மேடை உண்டு. பச்சைக்காரர் இந்தப் பக்கம் கையைப் பிடித்து இறக்கினார். சிவப்புக்காரர் அந்தப் பக்கம் ஒரு கையைப் பிடிக்க, சின்னவள் இன்னொரு கையைப் பிடித்து மேலே இழுத்தாள். பிடித்த கையை விடாமலே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "எவ்ளோ இளைச்சுட்டே அக்கா" என்று அழுதாள். "இளைச்சா இருக்கேன்? அப்ப வண்டி எப்படிடீ போகும்?" என்றாள் பெரியவள். பிரேக்கைத் தளர்த்தினார்கள். வடம் ஒருமுறை முனகியது. சிவப்பு கீழே நகர, பச்சை மேலே நகர்ந்தது.

பச்சைக்காரர் மேலே போய் ஆட்களை இறக்கிவிட்டு, வண்டியைப் பூட்டினார். பெரியவள் கீழே, சின்னவள் கீழே, சிவப்புக்காரரும் கீழே. அவர் மட்டும் மேலே. இனி இறங்க வண்டி இல்லை. வாழ்நாளில் இத்தனை முறை இந்த மலையை இறங்கியவர், முதல்முறையாகப் படிக்கட்டில் நடந்தே இறங்கினார். முழங்கால் வலித்தது. வலிக்கிறதே என்று ஒரு வருத்தமும் அவருக்கு இல்லை. இருட்டுவதற்குள் தெருமுனைக்கு வந்துவிட்டார். சிரிப்புச் சத்தம் அங்கேயே கேட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று கேட்டார்.

உள்ளே மூவரும் சாப்பாட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் பழையபடி காலை நீட்டியிருந்தாள். அவர் வாசலில் தலையைக் காட்டியதும், அவரைத் தோளிலிருந்து முழங்கால்வரை ஒருமுறை பார்த்தாள். கையிலிருந்த கரண்டியால் தட்டின் விளிம்பில் ஒருமுறை தட்டினாள். கொஞ்சம் யோசித்து, இன்னொருமுறையும் தட்டினாள்.

"ஓட்டுநருக்கு மணி கிடையாது அண்ணி" என்றார் பச்சைக்காரர்.

"வண்டிலதானே கிடையாது. இங்க உண்டு. உக்காருங்க."

சின்னவள் தூக்கின் மூடியைத் திறந்து, பெரிய துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பாமல், அவர் முகத்தையே நேராகப் பார்த்து, "கை கழுவிட்டு வாங்க, மீன் ஆறுது" என்றாள்.